பாயும் குண்டைப் படம் பிடித்த வரலாறு

1870ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே மூண்ட போர் ஓராண்டிற்குள் ஓய்ந்துவிட்டது. ஆயினும் அப்போர் கிளப்பிய வழக்குகளுள் ஒன்று, படைகள் ஊர் திரும்பிய பின்னரும் தீரவில்லை. அந்நாளில் பிரெஞ்சு வீரர் ஏந்தியது 'ஷாஸ்போ' எனப்படும் புதுவகைத் துப்பாக்கி. அதன் குண்டு பட்ட உடல்களைச் சோதித்த மருத்துவர்கள் திகைத்தனர். குண்டு நுழைந்த வாய் சிறியது. உள்ளே குடையப்பட்ட குழியோ எரிமலையின் வாய்போல் அகன்று கிடந்தது. உடலுக்குள் ஏதோ ஒன்று வெடித்திருந்தாலன்றி இத்தகைய புண் உண்டாகாது என்று பலர் எண்ணினர்.

இவ்வெண்ணம் வெறும் மருத்துவ ஐயமாக நின்றுவிடவில்லை. போருக்கு இரண்டாண்டுகள் முன்னர், 1868இல், ஐரோப்பிய அரசுகள் பல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடி, 400 கிராம் எடைக்குக் குறைந்த வெடிகுண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டிருந்தன. மனிதன் ஒருவனை வீழ்த்துவதற்கு வேண்டிய அளவினும் மிகுதியாக அவனை வதைத்தல் ஆகாது என்பது அவ்வுறுதியின் உட்கருத்து. எனவே ஒரு புண் வெடித்த புண்ணா, வெறும் ஈயக்குண்டு துளைத்த புண்ணா என்ற வினா, ஓர் அரசு தன் சொல்லைக் காத்ததா, மீறியதா என்னும் வினாவாக மாறியது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினர். சாட்சி சொல்லவேண்டியவர் இறந்துபோயினர். எஞ்சிய ஒரே சாட்சி குண்டுதான். அது பறக்கும்போது என்ன செய்கிறது என்பதை எவரும் கண்டதில்லை.

இந்நிலையில் பெல்ஜிய நாட்டு அறிஞர் லூயி மெல்சென்ஸ் என்பார் ஒரு விளக்கம் தந்தார். எவரும் வெடிகுண்டு பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை; விரைந்து பாயும் குண்டு தனக்கு முன்னுள்ள காற்றை நெருக்கித் திரட்டிச் செல்கிறது; அந்த நெருங்கிய காற்றே குண்டோடு உடலுட் புகுந்து வெடிமருந்து போல் விரிகிறது என்பது அவர் கொள்கை. குற்றச்சாட்டுகளையெல்லாம் ஒரே வீச்சில் துடைத்துவிடக்கூடிய இக்கொள்கை பலருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஆறுதல் தருவது வேறு, உண்மையாக இருப்பது வேறு.

1881இல் பாரிசில் மெல்சென்ஸ் ஆற்றிய உரையைக் கேட்டவர்களுள் ஒருவர் ஏர்ன்ஸ்ட் மாக். பிராகு நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய மாக், புலன்களால் அறியவியலாத எதனையும் எளிதில் ஏற்காதவர். அணு என்ற ஒன்று உண்டென்பதைக்கூட அவர் இறுதிவரை ஐயுற்றார். அவ்வகையில் காலம் அவரைப் பொய்ப்பித்தது. எனினும் பிற்காலத்தில் அவருக்குப் பிழையாக முடிந்த அதே பிடிவாதம், குண்டின் செய்தியில் பெரும்பயன் விளைத்தது. குண்டின் முன்னே காற்றுத் திரள் உண்டென்றால் அதனைக் காட்ட வேண்டும் என்று அவர் கருதினார்.

காட்டுவது எளிதன்று. ஏனெனில் இங்குத் தடைகள் இரண்டு. குண்டு கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் செல்கிறது என்பது முதல் தடை. காற்றோ, அது நின்றாலும் பாய்ந்தாலும், கண்ணுக்குத் தோன்றாதது. இஃது இரண்டாம் தடை.

கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரை என்னும் காலவளவாக நம் இலக்கண நூலார் கொண்டனர். எழுத்தொலியை அளக்க அது போதும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் துப்பாக்கிக் குண்டு ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தை ஏறத்தாழக் கடந்துவிடும். விநாடிக்கு 500 மீட்டர் செல்லும் குண்டு, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அரை மீட்டர் நகர்கிறது. அந்நேர அளவில் எடுத்த படத்தில் குண்டு இராது, நீண்ட தீற்றல் ஒன்றே இருக்கும். விநாடியைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், குண்டு அரை மில்லிமீட்டரே நகரும். அப்போதுதான் உருவம் தெளியும். இத்துணைச் சிறு பொழுதில் திறந்து மூடும் கதவு எதனையும் அந்நாளையப் படக்கருவியில் அமைக்க இயலவில்லை.

இதற்குரிய வழியை இங்கிலாந்தில் ஒருவர் முன்பே காட்டியிருந்தார். ஒளிப்படக் கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், 1851இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், 'டைம்ஸ்' நாளிதழின் தாளொன்றைச் சக்கரத்தில் ஒட்டி விரைந்து சுழலச் செய்தார். அறையை இருளாக்கி, படக்கருவியைத் திறந்தே வைத்து, லெய்டன் சாடிகளில் தேக்கிய மின்னாற்றலை ஒரே பொறியாகப் பாய்ச்சினார். படத்தில் நாளிதழின் எழுத்துகள், சக்கரம் சுழலாமல் நின்றதுபோல், படிக்கும்படி விழுந்திருந்தன. கதவு விரைய வேண்டியதில்லை, ஒளி விரைந்து மறைந்தால் போதும் என்பது அதனால் விளங்கிற்று. மின்னல் வெட்டும்போது பெய்யும் மழைத்துளிகள் அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும் காட்சியைக் கண்டவர்க்கு இதன் நுட்பம் புதிதன்று.

இரண்டாம் தடையைக் கடந்த வரலாறு இன்னும் சுவையானது. காற்றைக் காணவியலாது என்பது முழு உண்மையன்று. வெயில் காயும் சாலையில் கானல்நீர் ஓடுகிறது. எரியும் அடுப்பின் மேலே, அப்பாலுள்ள சுவர் நெளிகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடர்த்தியில் வேறுபடுவதால் அவற்றினூடே செல்லும் ஒளி வளைகிறது. அடர்த்தியின் வேறுபாடு சிறிதாயின் வளைவும் சிறிதாகும். கண் அதனை உணராது. அச்சிறு வளைவைக் கண் உணரும்படி பெரிதாக்கிக் காட்டுவதே வேண்டியதாயிற்று.

பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ, தொலைநோக்கியின் ஆடி பழுதற்றதா எனச் சோதிப்பதற்காக 1850களின் இறுதியில் கத்திமுனைச் சோதனை ஒன்றை வகுத்தார். ஜெர்மானியர் அகஸ்ட் டெப்லர் 1864இல் அதனையொத்த முறையைக் காற்றை ஆராயும் கருவியாக வளர்த்தார். கண்ணாடி வார்ப்பில் தவறிப்போய் ஓடும் கீற்றுகளுக்கு ஜெர்மன் மொழியில் 'ஷ்லீரென்' என்று பெயர். அத்தகைய கீற்றுகளைக் காட்டுவதால் இம்முறைக்கும் அப்பெயரே நிலைத்தது. தமிழில் இதனைக் கீற்றுமுறை எனலாம்.

அதன் அமைப்பு வருமாறு. புள்ளியளவான ஒளி ஒன்றினின்று கிளம்பும் கதிர்கள் சோதனைக்குரிய காற்றைக் கடந்து பெரிய வில்லையொன்றின் வழியே சென்று, மறுபுறம் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிகின்றன. குவியும் அவ்விடத்தில் கூரிய விளிம்புடைய தகடு ஒன்று, குவிந்த ஒளியைச் சரியாக மறைக்குமாறு நிறுத்தப்படுகிறது. அதற்கு அப்பால் உள்ள படக்கருவிக்கு இருளே தோன்றும். இப்போது இடையிலுள்ள காற்றில் ஓரிடத்தில் அடர்த்தி மாறினால், அவ்வழியே வந்த கதிர் இம்மியளவு வளைகிறது. வளைந்த கதிர் குவிய வேண்டிய புள்ளியில் குவியாமல் தகட்டின் விளிம்பைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. இருண்ட களத்தில் அவ்விடம் மட்டும் ஒளிக்கீற்றாகத் துலங்குகிறது. எதிர்ப்புறம் வளைந்த கதிர் தகட்டினுள் மேலும் அழுந்தி மறைகிறது. தகடு ஒளியைச் சிறிது கசியவிடுமாறு நிறுத்தப்பட்டிருப்பின், மங்கலான களத்தில் அவ்விடம் கரும்பட்டையாகத் தெரியும். மயிரிழை அளவான வளைவையும் காட்டும் இக்கருவியில் விலையுயர்ந்த பகுதி பழுதற்ற வில்லை ஒன்றே. டெப்லர் இதனைக் கொண்டு மின்பொறியினின்று எழும் ஒலியலை பரவுவதைத் தம் கண்ணாலேயே கண்டார். செவிக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட ஒலி கண்ணுக்கும் புலனாயிற்று.

மாக் இத்துறைக்குப் புதியவரல்லர். 1875 முதல் அவரும் அவருடைய மாணவர்களும், புகைக்கரி படிந்த கண்ணாடித் தகடுகளின் மீது மின்பொறி வெடிப்புகளை நிகழ்த்தி, அதிர்ச்சி அலைகள் கரியைத் துடைத்து வரைந்த கோடுகளை ஆராய்ந்து வந்தனர். வலிய அலை, சாதாரண ஒலியைவிட வேகமாகச் செல்லக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். டால்பட்டின் பொறியையும் டெப்லரின் கீற்றுமுறையையும் இணைத்துப் பறக்கும் குண்டைப் படமெடுப்பதே எஞ்சியது.

பிராகில் நடந்த முதல் முயற்சியில் குண்டின் உருவம் படத்தில் விழுந்தது. ஆனால் அதன் முன்னே ஒன்றுமே இல்லை! மெல்சென்ஸ் கூறிய காற்றுத் திரளின் சுவடே காணப்படவில்லை. மற்றொருவராயின் கொள்கை பொய்த்தது என முடிவுகட்டி அமைந்திருப்பர். மாக் பயன்படுத்தியது கைத்துப்பாக்கி. அதன் குண்டின் வேகம் விநாடிக்கு 240 மீட்டர் அளவே. காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 மீட்டர். குண்டு ஒலியினும் மெதுவாகச் சென்றால், அதனால் கலையும் காற்று அதற்கு முன்பே ஓடி விலகிவிடுகிறது. நெருக்கம் திரள இடமில்லை. ஒலியை முந்தும் குண்டு வேண்டும் என்று மாக் உணர்ந்தார். அதற்குப் படைத்துறைத் துப்பாக்கியும், அதனைச் சுடத்தக்க இடமும், நுண்கருவிகளைக் கையாளத் தெரிந்த ஒருவரும் தேவைப்பட்டனர்.

ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ஃபியூமே என்றொரு துறைமுக நகர் உண்டு. இன்று குரோஷியாவில் ரியேக்கா என வழங்கும் அந்நகர், அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. பேரரசின் கடற்படைக் கல்லூரி அங்கிருந்தது. அதில் இயற்பியல் கற்பித்தவர் பீட்டர் சால்கர். 1886 ஜனவரியில் மாக் அவருக்கு மடல் எழுதி, சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என விளக்கினார். சால்கர் தம் துணைவர் ஷாண்டோர் ரீக்லருடன் பணியில் இறங்கினார். வரலாற்று நூல்கள் பல, இப்படங்களை மாக் எடுத்தார் என ஒரே வரியில் சொல்லிப் போகின்றன. உண்மையில் அப்படங்கள் எடுக்கப்பட்ட அறையில் மாக் இல்லை. கருத்து பிராகிலிருந்து வந்தது. கை ஃபியூமேயில் இருந்தது. இரண்டையும் அஞ்சல் இணைத்தது.

அங்கு நடந்ததை நினைத்துப் பார்த்தல் தகும். அறை இருட்டாக்கப்படுகிறது. படக்கருவியின் வாய் திறந்தே இருக்கிறது. லெய்டன் சாடியினின்று வரும் மின்சுற்றில் இரண்டு இடைவெளிகள் உள்ளன: ஒன்று குண்டு செல்லும் வழியில் இரண்டு கம்பிமுனைகளுக்கு இடையே, மற்றொன்று ஒளி தரவேண்டிய இடத்தில். பொறி முந்திக்கொண்டு பாயாதிருக்கக் கம்பிகள் கண்ணாடிக் குழாய்களால் மூடப்பட்டுள்ளன. துப்பாக்கி வெடிக்கிறது. குண்டு குழாய்களை நொறுக்கிக் கொண்டு கம்பிகளிடையே புகும் அக்கணத்தில் மின்சுற்று நிறைவுற்று, இரண்டு இடைவெளிகளிலும் ஒருங்கே பொறி பாய்கிறது. ஆக, குண்டு தன் படத்திற்கு வேண்டிய விளக்கைத் தானே ஏற்றிக்கொள்கிறது. எப்போது ஒளியூட்டுவது என்னும் சிக்கலுக்கு இதனினும் அழகிய தீர்வு காண்டல் அரிது. பின்னர், வழியில் கம்பிகள் நிற்பதால் அவற்றினின்றும் சிற்றலைகள் கிளம்பிப் படத்தைக் குழப்புகின்றன என்று கண்ட மாக், குண்டு எதனையும் தொடாமலே பொறியைத் தூண்டும் ஏற்பாடுகளையும் அமைத்தார்.

இம்முறை படைத்துறைத் துப்பாக்கிகள் பயன்பட்டன. குண்டுகளின் வேகம் விநாடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்டது. 1886இல் கிடைத்த படங்கள் மிகச் சிறியவை. உருப்பெருக்கிக் கொண்டே நுணுகி ஆராய வேண்டியவை. ஆனால் அவற்றில் இதுவரை மனிதர் எவரும் கண்டிராத காட்சி இருந்தது. குண்டின் மூக்கிற்குச் சற்று முன்னே, அதனைத் தொடாமல், வளைந்த கோடு ஒன்று நின்றது. அது இருபுறமும் பின்னோக்கிச் சரிந்து நேர்கோடுகளாக நீண்டது. குண்டின் அடிப்பகுதியினின்று மற்றோர் இணைக்கோடு கிளம்பியது. பின்னால் சுழிகள், கோத்த மணிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்தன.

ஓடும் நீரில் நட்ட கழியைச் சுற்றியும், விரையும் படகின் முனையினின்றும் கிளம்பும் அலை இத்தகையதே. படகு தான் எழுப்பும் அலையை முந்திச் செல்வதால், அடுத்தடுத்துப் பிறந்த அலைகள் யாவும் ஒரே விளிம்பில் வந்து சேர்ந்து ஆப்பு வடிவம் கொள்கின்றன. நீர்ப்பரப்பில் ஆப்பாகத் தோன்றுவது காற்றில் கூம்பாகிறது. ஒலியின் வேகத்தைக் குண்டின் வேகத்தால் வகுத்தால் அக்கூம்பின் சரிவுக் கோணத்தின் சைன் கிடைக்கும். குண்டு ஒலியைப்போல் இருமடங்கு விரைந்தால் கோணம் 30 பாகை. வேகம் மிக மிகக் கூம்பு ஒடுங்கும். எனவே படத்தில் கோணத்தை அளந்தாலே குண்டின் வேகத்தைக் கூறிவிடலாம். கடிகாரமில்லாமல் வேகத்தை அளக்கும் இவ்வழி, குண்டியலாளருக்கு எதிர்பாராமல் கிட்டிய பரிசாகும்.

போர்க்களத்தில் நெடுநாளாகப் பேசப்பட்ட மற்றொரு புதிரும் இதனால் அவிழ்ந்தது. விரைவான குண்டு தம்மைக் கடக்கும்போது இரண்டு வெடியோசைகள் கேட்பதாக வீரர் கூறுவதுண்டு. முதலாவது, குண்டோடு வரும் கூம்பலை செவியைத் தாக்கும் ஓசை. பின்னர் வருவதே துப்பாக்கியின் வாயிலிருந்து கிளம்பிய ஓசை. ஒலியை முந்தும் வானூர்திகள் தோன்றிய காலத்தில் வீட்டுச் சன்னல்களை அதிரச் செய்த முழக்கம், இங்கே முதலிற் கூறிய ஓசையின் பெருவடிவமேயாகும்.

1887 ஏப்ரலில் மாக், சால்கர் இருவர் பெயராலும் இவ்வாய்வு வியன்னா அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. இனி, தொடக்கத்தில் எழுந்த வழக்கிற்கு வருவோம். மெல்சென்ஸ் கூறியது மெய்யா? ஒரு பாதி மெய். விரைந்த குண்டின் முன்னே நெருங்கிய காற்று உண்டு. படம் அதனைக் காட்டிவிட்டது. ஆனால் அது குண்டோடு ஒட்டிச் செல்லும் மூட்டை அன்று. கணந்தோறும் புதுக் காற்று நெருங்குகிறது, பழைய காற்று அலையாய்ப் பரந்து விலகுகிறது. அலையின் வடிவமே குண்டோடு செல்கிறது, காற்று செல்வதில்லை. ஆகையால் அது உடலுட் புகுந்து வெடித்தது என்பதற்கு இடமில்லை. குழிவிழுந்த புண்ணிற்குக் காரணம் குண்டின் வேகமே என்று மாக் விளக்கினார். மெத்தென்ற, ஈரம் நிறைந்த தசையில் விரைந்து புகும் குண்டு தன் வேகத்தைச் சுற்றியுள்ளவற்றிற்கும் பகிர்ந்தளிக்கிறது. அவை நாற்புறமும் சிதறி ஓடுவதே வெடிப்பாகத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடோர் கோக்கரும் தம் சோதனைகளால் இத்தகைய முடிவிற்கே வந்தார். எனவே அப்புண்களைக் கொண்டு எவரையும் சொல் தவறியவர் எனக் கூறுதல் இயலாது. அதே வேளையில் இவ்விடை ஆறுதலும் அளிக்கவில்லை. வெடிமருந்தைத் தடைசெய்து எழுதிய உடன்படிக்கை எழுத்தளவில் காக்கப்பட்டிருக்கலாம். வெறும் ஈயம், போதிய வேகம் பெற்றால், தடைசெய்யப்பட்ட குண்டு செய்வதையே செய்யும் என்பதையன்றோ ஆய்வு காட்டிற்று!

ஃபியூமேயில் சால்கரின் பணி இத்துடன் முடியவில்லை. அந்நகரில்தான் ராபர்ட் வைட்ஹெட் என்னும் ஆங்கிலேயரின் டார்ப்பீடோத் தொழிற்சாலை இருந்தது. டார்ப்பீடோவை இயக்குவது அழுத்திய காற்று. ஆகவே காற்றை மிக நெருக்கித் தேக்கும் கலங்கள் அங்கு நிறைய இருந்தன. குண்டு காற்றில் பாய்வதும், நிற்கும் குண்டின் மீது காற்று பாய்வதும் ஒன்றே என்றால், குண்டைத் துரத்திப் படமெடுப்பானேன்? சால்கரும் ஜான் வைட்ஹெட்டும் கலங்களினின்று பீறிடும் காற்றைக் கீற்றுமுறையால் ஆராய்ந்து 1889இல் வெளியிட்டனர். ஒலியை விஞ்சும் காற்றோட்டத்தைக் கூடத்திற்குள் உண்டாக்கி ஆராயும் பிற்காலக் காற்றுச் சுரங்கங்களின் தொடக்கத்தை இங்கே காணலாம். பேரளவிலான பீரங்கிக் குண்டுகளையும் விட்டுவைக்கவில்லை. சால்கர் போலா துறைமுகத்திலும், மாக் தம் மகன் லூட்விக்குடன் ஜெர்மனியின் மெப்பன் சுடுகளத்திலும் சோதனைகள் நடத்தினர். மகன் லூட்விக், ஒளியின் இரு கிளைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடர்த்தியை எண்ணளவில் அளக்கும் கருவியொன்றை 1890களின் தொடக்கத்தில் அமைத்தார். அதே காலத்தில் சேண்டர் என்பாரும் தனித்து அதனைக் கண்டமையால் இருவர் பெயராலும் அது வழங்குகிறது.

இங்கிலாந்தில் வெர்னன் பாய்ஸ் 1892இல் வேறு வழி சென்றார். அவருக்கு வில்லையும் வேண்டியிருக்கவில்லை, கத்திமுனையும் வேண்டியிருக்கவில்லை. மாக்கின் மாணவர் துவோர்ஷாக் முன்பே காட்டியிருந்த நிழல்முறையைப் பின்பற்றி, சிறு மின்பொறி ஒருபுறமும் ஒளிப்படத் தகடு மறுபுறமும் இருக்க, இடையே குண்டைப் பாயவிட்டு அதன் நிழலை நேரே தகட்டில் வீழ்த்தினார். அலைகளும் மெல்லிய கோடுகளாய்த் தம் நிழலை விட்டுச் சென்றன. கண்ணாடிப் பலகையைத் துளைத்துச் செல்லும் குண்டையும் அவர் இவ்வாறே பதிவு செய்தார். நுண்மையில் கீற்றுமுறைக்கு இது சற்றுக் குறைந்ததே. ஆயினும் எளிமையால் பல நாட்டுச் சுடுகளங்களில் இன்றளவும் நிழல்முறை நிலைத்துள்ளது.

இம்முறைகளெல்லாம் ஒரு குண்டிற்கு ஒரு படம் என்ற அளவிலேயே நின்றன. நிகழ்ச்சியின் தொடர்ச்சியைக் காண விழைந்தோர் படச்சுருளை விரைந்து ஓட்டிப் பார்த்தனர். ஓரளவிற்கு மேல் சுருள் கிழிந்தது. ஜெர்மனியில் கார்ல் கிரான்ட்சும் ஹூபர்ட் ஷார்டினும் 1929இல் சுருளை அசையாமல் நிறுத்திவிட்டு, பொறிகளைப் பலவாக்கினர். ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி வில்லை. பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய இடைவெளியில் பாய, ஒரே தகட்டின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கணங்கள் பதிந்தன. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத திரைப்படம் எனலாம்.

அதே 1929இல் சூரிச் நகரில் ஆற்றிய உரையொன்றில் யாக்கோப் ஆக்கெரெட், ஒரு பொருளின் வேகத்திற்கும் ஒலியின் வேகத்திற்கும் உள்ள விகிதத்திற்கு 'மாக் எண்' எனப் பெயரிட்டார். மாக் இறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. கூம்புக்கும் கோணத்திற்கும்கூட அவர் பெயரே வழங்கலாயிற்று. 1887ஆம் ஆண்டுக் கட்டுரையின் முகப்பில் மாக் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்த பெயர் எவ்வெண்ணிலும் எக்கோணத்திலும் இடம்பெறவில்லை. பீட்டர் சால்கர், ஃபியூமேயை அடுத்த சூஷாக்கில், அதற்கு முந்திய ஆண்டு, 1928இல், தம் 80ஆம் அகவையில் காலமானார்.